சிறுநீர் கூறும் சான்று

உடம்பினுள் மறைந்து நிகழ்வனவற்றைப் புறத்தே தோன்றும் குறிகளால் அறிந்துகொள்ளல் வேண்டும் என்னும் வேட்கை, மருத்துவக் கலையைப் போலவே பழமை வாய்ந்தது. நம் சித்த மருத்துவர்கள் நோயறியும் முறைகளை எட்டாக வகுத்து, நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம் என்பவற்றோடு சிறுநீரையும் ஒன்றாக வைத்து எண்ணினர். தேரையர் பெயரால் வழங்கும் நூல்களில் நீர்க்குறி, நெய்க்குறி என்னும் இரு பகுதிகள் உள. சிறுநீரின் நிறம், மணம், நுரை, எடை, அளவு ஆகிய ஐந்தையும் நோக்குவது நீர்க்குறி. அதன்மேல் ஒரு துளி எண்ணெயை விட்டு, அது பாம்புபோல் நெளிந்தோடுகின்றதா, மோதிரம்போல் வட்டமிடுகின்றதா, முத்துப்போல் அசையாது நிற்கின்றதா என்று பார்த்து, வாதம், பித்தம், கபம் எனத் தெளிவது நெய்க்குறி. அவர்கள் கண்ட விடைகள் இக்கால ஆராய்ச்சிக்கு எத்துணை ஒக்கும் என்பது வேறொரு கேள்வி. ஆயினும் அவர்கள் எழுப்பிய வினாவையே இன்றைய விஞ்ஞானியும் எழுப்புகின்றான். எண்ணெய்த் துளிக்கு மாறாக அவன் கையாளும் கருவிகளே வேறு.

அவ்வினாவிற்கு அண்மைக் காலத்திலே கிடைத்துவரும் விடைகளுள் ஒன்றை ஈண்டு விளக்கப் புகுகின்றோம். சிறுநீர்ப் பாதையிலே கிருமி புகுந்த குழந்தையின் சிறுநீரில், பெப்டைடுகள் எனப்படும் மிகச் சிறிய சில பொருள்கள் மிகுந்து தோன்றுகின்றன. அவற்றை அளந்து நோயை விரைவில் உறுதி செய்யலாமோ என்பதே ஆராய்ச்சி. பொருள் சிறிதாயினும், இதனோடு பிணைந்து நிற்பது பல குழந்தைகளின் சிறுநீரக நலமாகும்.

நோயின் இயல்பு

குண்டிக்காய் என்று மக்கள் வழங்கும் சிறுநீரகங்கள் இரண்டும் இரத்தத்தை வடித்துச் சிறுநீரைப் பிரிக்கின்றன. அது மெல்லிய குழல்களின் வழியாக இறங்கிச் சிறுநீர்ப்பையிலே தங்கிப் பின்னர் வெளிப்படுகின்றது. இப்பாதையின் வாயிலுக்கு மிக அணித்தாகவே மலத்திலுள்ள கிருமிகள் கோடிக்கணக்கில் வாழ்கின்றன. ஆகவே, கிருமிகள் கீழிருந்து மேலேறுதற்கு வாய்ப்பு எப்போதும் உண்டு. அவை பையளவில் நின்றுவிடின் துன்பம் சிறிது; சிறுநீரகம்வரை ஏறிவிடின் கடுஞ்சுரமும், அதன் பயனாக நிலைத்த வடுவும் உண்டாதல் கூடும்.

இந்நோயை விளைக்கும் கிருமிகளுள் தலைமை வாய்ந்தது எஷரிகியா கோலி என்பது. குழந்தைகட்கு வரும் இந்நோயில் ஏறக்குறைய 80 விழுக்காடு இதனாலேயே உண்டாகின்றது. ஜெர்மானியக் குழந்தை மருத்துவராகிய தியோடர் எஷரிக் என்பவர் 1885ஆம் ஆண்டில், பச்சிளங் குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தபோது இதனைக் கண்டு விவரித்தார். பின்னாளில் அவர் பெயரே இதற்கு இடப்பட்டது. குடலில் இருக்கும்வரை பெரும்பாலும் தீங்கிழையாத இக்கிருமி, இடம் மாறியவுடன் பகையாகின்றது. இதன் உடம்பைச் சுற்றிலும் மயிரிழை போன்ற நுண்ணிய இழைகள் உள. அவற்றின் நுனியால் சிறுநீர்ப்பையின் உட்சுவரைப் பற்றிக்கொள்வதால், சிறுநீரின் ஓட்டம் இதனை எளிதில் அடித்துச் செல்ல இயலுவதில்லை. ஏற்ற சூழலில் இருபது நிமிடத்திற்கு ஒருமுறை இது இரண்டாகப் பிளந்து பெருகும். அவ்வாறு தடையின்றிப் பெருகின், எட்டு மணி நேரத்தில் ஒரு கிருமி ஒரு கோடியே அறுபத்தேழு லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதைக் கணக்கறிந்த மாணவர் எவரும் போட்டுப் பார்க்கலாம்.

இந்நோய் அரியதன்று. ஸ்வீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரில் செய்த ஆராய்ச்சி ஒன்றில், ஏழு வயது நிரம்புவதற்குள் பெண் குழந்தைகளுள் ஏறக்குறைய 8 விழுக்காட்டினரும், ஆண் குழந்தைகளுள் ஏறக்குறைய 2 விழுக்காட்டினரும் ஒருமுறையேனும் இந்நோயுற்றனர் என்று தெரியவந்தது. பிறந்த சில திங்கள்வரை ஆண் குழந்தைகளிடத்தும், பின்னர்ப் பெண் குழந்தைகளிடத்தும் இது மிகுதி. காரணம் விளங்காத சுரத்தோடு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படும் பச்சிளங் குழந்தைகளுள் நூற்றுக்கு ஏழு பேர்க்கு இந்நோயே மூலம் என்று, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2008இல் வெளியிட்ட கணக்கு கூறுகின்றது. முதன்முறை இந்நோய் வந்த குழந்தைகளுள் ஏறக்குறைய 15 விழுக்காட்டினரின் சிறுநீரகத்தில் வடு காணப்பட்டது என்பது 2010இல் வெளிவந்த மற்றொரு தொகுப்பின் முடிபு. வடு பெரிதாயின், பிற்காலத்தில் இரத்த அழுத்தம் மிகுதலும், சிறுநீரகம் தளர்தலும் நேரக்கூடும்.

நோயறிதலின் இடர்ப்பாடு

வளர்ந்தவர்க்கு இந்நோய் வந்தால், எரிச்சல் என்றும் வலி என்றும் அவரே உரைப்பர். கைக்குழந்தையோ பேசவறியாது. அழுகை, சுரம், பால் குடியாமை, வாந்தி, சோர்வு ஆகியவையே அது காட்டும் குறிகள். இவை நூறு நோய்கட்குப் பொதுவானவை. ஆதலின் தாய்க்கும் ஐயம், மருத்துவர்க்கும் ஐயம்.

சிறுநீரைப் பெறுவதே முதல் இடர். இவ்வளவு நேரம் அடக்கி, இந்தக் கலத்தில் விடு என்று ஆறு திங்கட் குழந்தையிடம் யார் சொல்வது? ஒட்டும் பை ஒன்றை அரையிலே பொருத்திச் சிறுநீரைச் சேர்ப்பதுண்டு. ஆனால் தோலின்மேலுள்ள கிருமிகளும் அதிற் கலந்துவிடும் ஆகலின், அப்பையிலுள்ள நீரிற் கிருமி காணப்பட்டாலும், அது உள்ளிருந்து வந்ததோ, வெளியிலிருந்து ஒட்டியதோ என்று துணிதற்கில்லை. மெல்லிய குழாயைச் சிறுநீர்த் துளையிற் செலுத்தி எடுப்பதும், அடிவயிற்றில் ஊசியிட்டு எடுப்பதும் திருத்தமான முறைகள். எனினும் குழந்தைக்கு நோவு தருவன.

எடுத்த நீரைக் கிருமி வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது இரண்டாம் படி. ஊட்டமுள்ள பசையின்மேல் அந்நீரைத் தடவி, வெப்பமான பெட்டியில் வைத்தால், கிருமிகள் பெருகிக் கூட்டங் கூட்டமாகத் தோன்றும். ஒரு மில்லிலிட்டர் நீரில் ஒரு லட்சத்திற்கு மேற்பட்ட கிருமிகள் இருப்பின் நோய் உண்டு என்னும் அளவுகோலை 1956ஆம் ஆண்டளவில் அமெரிக்க மருத்துவர் எட்வர்ட் காஸ் நிலைநாட்டினார். அவர் ஆராய்ந்தது வளர்ந்த பெண்டிரையே. குழந்தைகட்குக் குழாய் வழியாக எடுத்த நீரில் ஐம்பதினாயிரம் கிருமிகளும், அவற்றோடு அழற்சியின் அடையாளமும் இருந்தாற் போதும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2011இல் வரையறுத்தது. இச்சோதனையே இன்றும் இறுதித் தீர்ப்பு வழங்குவது. ஆயினும் அத்தீர்ப்பு வருதற்கு ஒரு நாள் முதல் இரண்டு நாள் ஆகின்றது.

அதுவரை காத்திருத்தல் தகுமோ? தகாது. சுரம் தொடங்கி நாற்பத்தெட்டு மணி நேரத்திற்கு மேல் மருந்தின்றிக் கழியின், வடு ஏற்படும் வாய்ப்பு மிகுகின்றது என்று 2016இல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டிற்று. அங்ஙனமாயின், ஐயமுற்ற குழந்தைகள் அனைவர்க்கும் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்துவிடலாமே எனின், அதுவும் தகாது. தேவையின்றிக் கொடுக்கும் மருந்து, குடலிலுள்ள நற்கிருமிகளை அழிக்கின்றது. எஞ்சிய கிருமிகட்கு மருந்தை எதிர்க்கும் திறனையும் பயிற்றுகின்றது. எனவே, காலம் தாழ்த்தலும் பிழை, கண்மூடி மருந்து கொடுத்தலும் பிழை என்னும் இரு பாறைகளுக்கு இடையே மருத்துவர் ஓடம் செலுத்த வேண்டியவராகின்றார்.

இவ்விடரைக் குறைக்கவே சோதனைப் பட்டிகள் தோன்றின. மருந்து தோய்த்த பட்டியைச் சிறுநீரில் நனைத்தால் இரண்டு நிமிடத்திற்குள் நிறம் மாறும். அதன் ஒரு கட்டம் நைட்ரைட் என்னும் உப்பைக் காட்டுவது. கிருமிகள் பல, சிறுநீரிலுள்ள நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றும். இவ்வுப்பைச் செந்நிறச் சாயமாக்கிக் காட்டும் வினையை 1879இல் வெளியிட்டவர் பீட்டர் கிரீஸ் என்னும் இரசாயனியார். இங்கிலாந்தின் பர்ட்டன் நகரத்து மதுவடிசாலை ஒன்றிற் பணியாற்றியவர் அவர் என்பது நினைந்து வியத்தற்குரியது. ஆனால் இம்மாற்றம் நிகழச் சிறுநீர் நான்கு மணி நேரமேனும் பையிலே தங்குதல் வேண்டும். கைக்குழந்தைகளோ அடிக்கடி சிறுநீர் விடுவர். ஆகவே நோயிருந்தும் பட்டி வாளா இருந்துவிடும். 100 நோயாளிக் குழந்தைகளுள் 53 பேரையே அது பிடிக்கின்றது. மற்றொரு கட்டம், வெள்ளணுக்களிலிருந்து வெளிப்படும் எஸ்டரேஸ் என்னும் நொதியைக் காட்டுவது. அது 100இல் 83 பேரைப் பிடிக்கும். ஆனால் நோயில்லாத 100 குழந்தைகளுள் 22 பேரையும் நோயாளிகள் என்று தவறாகக் காட்டும். இவ்வெண்கள் மேலே கூறிய அமெரிக்கக் கழகத்தார் தொகுத்தளித்தவை.

பெப்டைடு என்பது யாது?

நம் உடம்பிலுள்ள புரதங்கள் யாவும் அமினோ அமிலங்கள் என்னும் சிறு மணிகள் கோத்த மாலைகளாம். நூற்றுக்கணக்கான மணிகள் கோத்து, மடிந்து, உருக்கொண்டு நிற்பது புரதம். ஐம்பதுக்கு உட்பட்ட மணிகளையுடைய குறுமாலையைப் பொதுவாகப் பெப்டைடு என்பர். இச்சொல்லை 1902ஆம் ஆண்டில் ஜெர்மானிய இரசாயனப் பேராசிரியர் எமில் ஃபிஷர் ஆக்கி வழங்கினார்.

இக்குறுமாலைகளுள் சில, கிருமிகளைக் கொல்லும் படைக்கலங்கள் என்பது அரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைந்த காலத்திலேதான் தெளிவாயிற்று. பூச்சிகட்கு நம்மைப்போல் நோயெதிர்ப்பு நினைவாற்றல் இல்லை. ஆயினும் அவை அழுகும் பொருள்களிடையே நோயின்றி வாழ்கின்றன. இது யாங்ஙனம் என்று ஆராய்ந்த ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் போமன், செக்ரோப்பியா என்னும் பெரும்பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவிலிருந்து செக்ரோபின் என்னும் பெப்டைடுகளை 1981இல் பிரித்தெடுத்து வெளியிட்டார். 1985இல் மனிதரின் வெள்ளணுக்களிலிருந்து இத்தகையனவே எடுக்கப்பட்டுக் காப்பவை என்னும் பொருள்படும் டிஃபென்சின் என்னும் பெயர் பெற்றன. 1987இல் அமெரிக்க மருத்துவர் மைக்கேல் சாஸ்லாஃப், ஆப்பிரிக்கத் தவளையின் தோலில் மகைனின் என்பதைக் கண்டார். பூச்சி, தவளை, மனிதன் ஆகிய மூவரிடத்தும் ஒரே உபாயம் காணப்பட்டமையால், இது மிகத் தொன்மையான காவல் என்பது பெறப்பட்டது.

இவை கிருமியைக் கொல்லும் வகையும் எளிதில் விளங்கத்தக்கது. கிருமியின் மேற்போர்வை எதிர் மின்னூட்டம் உடையது. இப்பெப்டைடுகளோ நேர் மின்னூட்டம் மிக்கவை. ஆகவே ஒன்றையொன்று ஈர்க்க, பெப்டைடு கிருமியின்மேற் படிந்து, கொழுப்பாலாகிய அதன் போர்வையினுள் நுழைந்து துளை செய்துவிடும். ஓட்டைப் பானையிலிருந்து நீர் ஒழுகுதல்போல உள்ளிருப்பவை வெளியே ஒழுகக் கிருமி மாளும். நம் உயிரணுக்களின் வெளிப்புறம் அத்தகைய எதிர் மின்னூட்டம் உடையதன்று. கொலஸ்டிராலும் அவற்றை உறுதிப்படுத்துகின்றது. ஆதலின் நம் உயிரணுக்கள் பெரும்பாலும் தப்புகின்றன.

சிறுநீர்ப் பாதையின் காவலர்

இத்துணை அணித்தாகக் கிருமிகள் வாழவும், பெரும்பாலான குழந்தைகட்கு இந்நோய் வாராதிருத்தற்குக் காரணம் என்னை? சிறுநீரின் ஓட்டம் ஒரு காரணம். யூரோமாடுலின் என்னும் புரதம் மற்றொன்று. டாம், ஹார்ஸ்ஃபால் என்னும் இருவர் 1950இல் பிரித்தெடுத்த இப்புரதம், நீண்ட இழைகளாகச் சிறுநீரில் மிதந்து, கிருமிகளின் பற்றிழைகளைத் தான் பிடித்துக்கொண்டு, அவற்றைக் கூட்டாக வெளியேற்றுகின்றது. மூன்றாவது காரணம் நாம் மேற்கூறிய பெப்டைடுகள்.

அவற்றுள் சில எப்பொழுதும் காவல் நிற்பவை. சிறுநீரகத்தின் நுண்குழல்கள் சுரக்கும் பீட்டா டிஃபென்சின்-1 அத்தகையது. சில, பகை வந்தபோது மட்டும் திரள்பவை. வெள்ளணுக்கள் தம் பைகளில் அடைத்துக்கொண்டு வரும் ஆல்பா டிஃபென்சின் 1, 2, 3 என்பன முப்பது மணிகளுக்கு உட்பட்ட சிறு மாலைகள். மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டுண்டவை. ஆல்பா டிஃபென்சின்-5 என்பது குடற்சுவரிலே முதலிற் காணப்பட்டது. சிறுநீர்ப் பாதையின் சுவரும் கிருமி புகுந்தபோது இதனை மிகுதியாக ஆக்குகின்றது. எல்.எல்.-37 என்பது காதெலிசிடின் குலத்தைச் சார்ந்தது. அதன் தொடக்கத்தில் லூசின் என்னும் அமினோ அமிலம் இருமுறை வருதலாலும், மொத்தம் 37 மணிகள் உடைமையாலும் அப்பெயர் பெற்றது.

காவலரே சான்றாதல்

பகை வந்தபோது காவலர் திரள்வர் எனின், காவலர் திரண்டமை கண்டு பகை வந்ததை உணரலாமன்றோ? இவ்வெளிய எண்ணமே இவ்வாராய்ச்சிக்கு வித்து.

2006ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்துக் கரோலின்ஸ்கா நிலையத்தார், கிருமி தொட்டவுடன் சிறுநீர்ப் பாதையின் சுவரிலுள்ள உயிரணுக்கள் விரைந்து எல்.எல்.-37ஐச் சுரக்கின்றன என்றும், அது சிறுநீரிற் கலந்து வருகின்றது என்றும் காட்டினர். நோயுற்ற குழந்தைகளின் சிறுநீரில் அதன் அளவு நலமுற்ற குழந்தைகளினும் மிக்கிருந்தது. இதற்கு ஒத்த பெப்டைடு இல்லாதவாறு வளர்க்கப்பட்ட சுண்டெலிகள் இந்நோய்க்கு எளிதில் ஆட்பட்டன. மேலும், எல்.எல்.-37க்குச் சற்றும் அஞ்சாத கிருமி வகைகளே கடுமையான நோயை விளைத்தன என்பதும் தெரிந்தது. ஆகவே இப்பெப்டைடு வெறும் அடையாளமன்று. போரின் போக்கையே மாற்றும் படை என்பது புலனாயிற்று.

இதன்பின், அமெரிக்க நாட்டு ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரக் குழந்தை மருத்துவமனையைச் சார்ந்த ஆராய்ச்சியாளர், மருத்துவமனைக்கு வந்த குழந்தைகளின் சிறுநீரிற் பல பெப்டைடுகளை ஒருங்கே அளந்து 2016இல் வெளியிட்டனர். ஆல்பா டிஃபென்சின் 1, 2, 3 என்பனவும், ஆல்பா டிஃபென்சின்-5உம் நோயுற்ற குழந்தைகளிடத்து மிக்கிருந்தன. அதே காலத்தில் மற்றொரு செய்தியும் வெளிவந்தது. முதற்கூறிய டிஃபென்சின்களை ஆக்கும் மரபணு, ஒருவரிடத்துச் சில படிகளும் மற்றொருவரிடத்துப் பல படிகளுமாக அமைந்திருக்கும். படிகள் குறைந்த குழந்தைகட்கு இந்நோய் எளிதில் வருகின்றது. இது மேலும் உறுதிப்படுமாயின், ஒரே தொட்டிலில் வளர்ந்த இரு குழந்தைகளுள் ஒன்றற்கு நோய் மீண்டும் மீண்டும் வருவதும், மற்றொன்று தப்புவதும் ஏன் என்பதற்கு ஒரு விடை கிட்டும்; தாயின் கவனக்குறைவே காரணம் என்னும் வீண்பழியும் ஓரளவு நீங்கும்.

பெப்டைடின் மூத்த உறவாகிய புரதம் ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். லிப்போகாலின்-2 என்பது அதன் பெயர். எல்லா உயிர்க்கும் போலக் கிருமிக்கும் இரும்புச்சத்து வேண்டும். அதனைத் திரட்டக் கிருமி ஒரு சிறு பொருளைத் தூண்டில்போல் வெளியே விடுகின்றது. லிப்போகாலின்-2 அத்தூண்டிலையே பிடுங்கிக்கொள்ள, கிருமி இரும்பின்றித் தவிக்கின்றது. நியூயார்க் நகரில் இரண்டு வயதிற்கு உட்பட்ட, சுரமுற்ற 260 குழந்தைகளிடத்து இதனை அளந்து 2017இல் வெளியிட்டனர். அவர்களுள் நோயுற்ற 35 குழந்தைகளின் சிறுநீரில் இதன் நடு அளவு மில்லிலிட்டருக்கு 215 நானோகிராம், நோயில்லாதவரிடத்து 4.4 நானோகிராம். இவ்வேறுபாடு ஏறக்குறைய ஐம்பது மடங்கு. 39.1 என்னும் எல்லையை வகுத்துக்கொண்டபோது, நோயுற்றவருள் 97.1 விழுக்காட்டினரை இச்சோதனை சரியாகக் காட்டிற்று, நோயில்லாதவருள் 95.6 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கிற்று.

கணக்கும் எச்சரிக்கையும்

இவ்வெண்களைக் கேட்டவுடன் மகிழ்ந்துவிடாமல், சற்றே கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. சுரமுற்ற 1000 பச்சிளங் குழந்தைகளைக் கொள்வோம். மேலே சொன்னபடி அவர்களுள் 70 பேர்க்கு இந்நோய் உண்டு. 930 பேர்க்கு இல்லை. பழைய எஸ்டரேஸ் பட்டியைக் கையாண்டால், 70இல் 58 பேர் பிடிபடுவர், 12 பேர் தப்புவர். 930இல் 205 பேர் வீணே நோயாளிகள் எனப்படுவர். அஃதாவது, நோயுண்டு எனப்பட்ட 263 பேரில் 58 பேர்க்கே உண்மையில் நோய் உண்டு. லிப்போகாலின் சோதனை நியூயார்க்கிற் போலவே எங்கும் பயன்தருமாயின், 70இல் 68 பேர் பிடிபடுவர். 930இல் 41 பேரே தவறாகக் குறிக்கப்படுவர். நோயுண்டு எனப்பட்ட 109 பேரில் 68 பேர் மெய்யான நோயாளிகள். முன்னையதில் நால்வருள் ஒருவர்கூட இலர். பின்னையதில் ஐவருள் மூவர்க்கு மேல். தேவையற்ற மருந்திலிருந்து தப்பும் குழந்தைகள் 164 பேர். காலந்தாழாமல் மருந்து பெறும் குழந்தைகள் கூடுதலாகப் பதின்மர். எண்களின் பின்னே முகங்கள் உள என்பதை மாணவர் மறவாதிருப்பாராக.

ஆயினும் தடைகளும் சில உள. முதலாவது, 35 நோயாளிகளை வைத்துக் கண்ட முடிபு, பல நாடுகளில் பல ஆயிரவரிடத்துச் சோதிக்கப்பட்ட பின்னரே முழு நம்பிக்கைக்கு உரியதாகும். இரண்டாவது, இப்பொருள்கள் கிருமிநோய்க்கு மட்டும் உரியனவல்ல. சிறுநீரகம் வேறு காரணத்தால் அடிபட்டாலும் லிப்போகாலின்-2 மிகும். வேறு அழற்சியால் வெள்ளணுக்கள் வந்தாலும் டிஃபென்சின்கள் வரும். மூன்றாவது, நீர் மிகுதியாகக் குடித்த குழந்தையின் சிறுநீர் நீர்த்திருக்கும். வாந்தியால் வறண்ட குழந்தையின் சிறுநீர் செறிந்திருக்கும். ஆகவே கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவோடு ஒப்பிட்டே பெப்டைடை மதிப்பிட வேண்டியிருக்கின்றது. நான்காவது, கிருமியும் சும்மா இருப்பதன்று. சில கிருமிகள் பெப்டைடை அறுக்கும் நொதியைத் தம் போர்வையிலே வைத்திருக்கின்றன. சில, நார்போன்ற வலையைப் பின்னி அதனுள் ஒளிந்துகொள்கின்றன. ஐந்தாவது, இச்சோதனை நோய் உண்டு என்று கூறுமேயன்றி, இன்ன கிருமி, இன்ன மருந்துக்கு அடங்கும் என்று கூறாது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் அதனை அறிதல் இன்றியமையாதது. ஆதலின் கிருமி வளர்ப்புச் சோதனையை இது விலக்கவல்லதன்று. வாயில் காப்பான் ஒருவன், நீதிபதி ஒருவர். இருவர்க்கும் தனித்தனித் தொழில் உண்டு.

இக்காரணங்களால், இப்பெப்டைடுச் சோதனைகள் இன்றளவும் பெரும்பாலும் ஆராய்ச்சிக் கூடங்களிலேயே நிற்கின்றன. ஊர்தோறும் உள்ள மருத்துவமனைகளில் பட்டியும் வளர்ப்புச் சோதனையுமே வழக்கிலுள்ளன.

எனினும், இவ்வாராய்ச்சி நமக்கு ஒரு புதிய நோக்கைத் தந்திருக்கின்றது. வளர்ப்புச் சோதனை கேட்பது, கிருமி உளதா என்பது. பெப்டைடுச் சோதனை கேட்பதோ, உடம்பு போராடுகின்றதா என்பது. இவ்விரண்டும் ஒரே வினாவல்ல. சில குழந்தைகளின் சிறுநீரிற் கிருமிகள் இருந்தும், எவ்வித நோயும் இன்றி அவை அமைதியாகத் தங்கியிருப்பதுண்டு. அவர்கட்கு மருந்து வேண்டுவதில்லை. தோலிலிருந்து ஒட்டிய கிருமியும் வளர்ப்புச் சோதனையில் வளர்ந்து மயக்கும். கிருமியும் இருந்து, காவலரும் திரண்டிருந்தால் நோய் மெய். கிருமி மட்டும் இருந்து காவலர் துயின்றால் ஐயத்திற்கு இடமுண்டு. இவ்வாறு இரு சான்றுகளை ஒப்பவைத்துத் துணிதல், வழக்கு மன்றத்திற் போலவே மருத்துவத்திலும் நேர்மையான முறையாகும்.

சோதனைக்கு அப்பால் மருத்துவத்திற்கும் இதனால் வழி பிறக்கக்கூடும். வைட்டமின் டி, சிறுநீர்ப்பையின் சுவர் எல்.எல்.-37ஐ மிகுதியாக ஆக்கத் தூண்டுகின்றது என்று 2010இல் ஸ்டாக்ஹோம் ஆராய்ச்சியாளரே காட்டினர். கிருமியை வெளியிலிருந்து கொல்வதற்கு மாறாக, உடம்பின் சொந்தக் காவலை வலுப்படுத்தும் முறைகள் இதிலிருந்து தோன்றுமோ என்று ஆராய்ந்து வருகின்றனர்.

முடிவுரை

இக்கட்டுரையைப் படிப்போருள் சிலர் ஆசிரியர், சிலர் பெற்றோர், பலர் நாளைய பெற்றோர். அவர்கள் மனத்திற் கொள்ளத்தக்கன இரண்டு. இருமலும் சளியும் இன்றிக் கைக்குழந்தைக்குச் சுரம் காயின், சிறுநீரைச் சோதித்தீர்களா என்று மருத்துவரை வினவத் தயங்கல் ஆகாது. கிருமிக்கொல்லி மருந்தின் முதல் வேளைக்கு முன்னரே சிறுநீரை எடுத்துக்கொள்வது மிக நன்று, மருந்து புகுந்தபின் கிருமி வளராது மறைந்துவிடும் ஆகலின். மற்றொன்று, முன்னொருகால் எழுதித் தந்த மருந்துச் சீட்டைக் கொண்டு கடையிலே தாமாகக் கிருமிக்கொல்லி வாங்கிக் கொடுத்தல் தீது. இன்றைய சுரம் தணிந்தாற்போலத் தோன்றினும், நாளை அம்மருந்து பயன்படாத காலம் வரும்.

விஞ்ஞான மாணவர்க்கோ இது ஒரு பாடமுமாம். மதுவடிசாலை இரசாயனி கண்ட சாயவினையும், பட்டுப்பூச்சியின் கூட்டுப்புழுவில் ஒருவர் தேடிய மருந்தும், தவளைத் தோலில் மற்றொருவர் கண்ட படைக்கலமும், அவரவர் காலத்திலே ஒரு குழந்தையின் சுரத்தோடு தொடர்புடையன என்று யாரும் எண்ணியிரார். அவை யாவும் இன்று ஒரே தொட்டிலின் அருகில் வந்து கூடியிருக்கின்றன. எந்த உண்மை எங்கே பயன்படும் என்று முன்னரே அளந்து கூற ஒருவராலும் ஆகாது. ஆதலின் சிறியது என்று கருதி எதனையும் ஆராயாது விடற்க. வீணென்று நாம் கழிக்கும் நீரிலும், பேசவறியாப் பிள்ளையின் நோயைப் பேசும் சான்று கரைந்திருக்கின்றது.